இருபத்தெட்டு மில்லிமீட்டர்

பகலில் பல் செட்டு.
இரவில் அதே மெழுகு, அதே பிசின்,
அதே நுண்துளைக் கருவி;
ஆள் ஆளாகச் செதுக்குகிறேன்.
வேப்பேரி லேபில் யாருக்கும் தெரியாது,
கீழ்த்தாடை அச்சுகளுக்கு நடுவே
ஒரு குதிரைப்படை காய்ந்துகொண்டிருப்பது.

மன்சூரிடம் இருப்பது அமெரிக்கப் படைகள்.
நீலம் ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம்.
பெரியமேட்டுத் தோல் மண்டிக்கு மேலே
அவன் மாடி அறையில், டேபிள் டென்னிஸ் பலகையில்
ஆறு வருடமாக ஞாயிறுதோறும்
நான் பார்த்தேயிராத ஓர் ஆற்றைக் கடக்கப் போய்த்
தோற்றுக்கொண்டிருக்கிறேன்.
"நம்ம பக்கம் அண்ணன் தம்பி அடிச்சிக்கிட்டதே இல்லையா?"
நான்தான் ஆரம்பித்தேன்.

உண்டு. பாண்டிய நாட்டில்.
ஒரே அப்பன், இரண்டு மகன்கள், ஒரே மதுரை.
கன்னிமாரா நூலகத்தில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தேன்.
யார் எப்போது ஓடினான் என்று இருந்தது.
ஓடும்போது காலில் என்ன போட்டிருந்தான் என்று இல்லை.
எழும்பூர் மியூசியத்தில், வெண்கலத்தில் எல்லாரும் தெய்வங்கள்;
தெய்வங்கள் வெறுங்கால்.
அறுபது பேரை வார்த்துவிட்டு
எந்தப் பக்கத்துக்கு என்ன நிறம் என்று தெரியாமல்
வெள்ளைப் பிரைமரோடு நிறுத்தி வைத்திருந்தேன்.
அறுபது பல் மாதிரி நின்றார்கள்.

அப்புறம் எங்கள் கீழ்வீட்டில் பாகம் பிரித்தார்கள்.
ஓட்டேரியில்,
அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே,
ஜோதிலிங்கமும் ராஜலிங்கமும்
பாத்திரங்களை ஹாலில் கொட்டி
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெயர் பார்த்தார்கள்.
அண்டா, தூக்கு, இட்லிக் கொப்பரை,
பிடி ஆடுகிற முறுக்கு அச்சு,
எல்லாவற்றிலும் அப்பா பெயர்.
'த. பொன்னுரங்கம்', புள்ளி புள்ளியாக வெட்டியது.
பெயர் யாருக்கும் உதவவில்லை.
ஜோதிலிங்கம் கரண்டியால் சுவரில் அடித்தார்.
பால் பாக்கெட்டோடு படியில் நின்றிருந்த எனக்குச்
சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைவரை வந்தது.
வெட்கமாக இருந்தது.
இருந்தும் மாடிக்கு ஓடினேன்.

அன்று ராத்திரி அறுபது பேருக்கும் ஒரே நிறம்.
ஒரே சிவப்பு வேட்டி, ஒரே மீன் கொடி,
மன்சூர் தந்த ஆட்டுத்தோல் துணுக்கில் ஒரே கேடயம்.
பக்கம் மட்டும் பாதத்துக்கு அடியில்:
ஒரு புள்ளி, அல்லது இரண்டு.
தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.
தூக்கியவன் எதிரி என்றால் உன் முறை போச்சு.
"இது விளையாட்டா, வியாதியா?" என்றான் மன்சூர்.
அடுத்த வாரம் நான் போவதற்குள்
பலகையைத் துடைத்து வைத்திருந்தான்.

இன்னோர் உள்நாட்டுப் போர் பக்கத்திலேயே நடந்தது.
அதைப் பலகையில் வைக்கலாமா என்று
நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.
லேபில் பீங்கான் பல்லுக்கு நிறம் பார்க்கும் சிவமலர்
மன்னார்க்காரி.
ஒருநாள் என் டிராயரைத் தவறித் திறந்தாள்.
ஒருவனை எடுத்தாள், அடியைப் பார்த்தாள், வைத்தாள்.
எண்ணுகிற மாதிரி எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு
"இதில சனம் எங்க நிக்குது?" என்றாள்.
பதிலுக்கு நிற்கவில்லை.
அவளுக்கு ஒரு முன்பல் பாக்கி இருந்தது.

குடத்தோடு ஒருத்தியை வார்த்தேன்.
மூன்று முறை கை உடைந்து, நான்காவதில் நின்றாள்.
குடத்தில் பெயர் வெட்ட இடமில்லை.
ஞாயிறன்று இரண்டு படைக்கும் நடுவில்
தெர்மகோல் கண்மாய்க் கரையில் வைத்தேன்.
மன்சூர் தூக்கி அடியைப் பார்த்தான்.
"புள்ளி போட மறந்துட்ட."
மறக்கவில்லை.
"சரி, எத்தனை அங்குலம் நகருவா?"

நாங்களே எழுதிய விதிகள், பதினொரு பக்கம்.
புரட்டினோம். குதிரைக்கு எட்டு, யானைக்கு ஆறு,
சேற்றில் எல்லாருக்கும் பாதி.
கீழே மண்டியில் யாரோ ஷட்டரை இறக்கினார்கள்.
பலகை அதிர்ந்தது; ஒருவரும் விழவில்லை.
தாயக்கட்டை மன்சூர் கைக்குள்
சூடேறிக்கொண்டிருந்தது.