இருபத்தைந்து மில்லிமீட்டர்

வரைபடம் நீலக்கோடு போட்டுக் காட்டியது.
நம்பிப் போனேன்.
கோடு முடிந்த இடத்தில் கல்குவாரி.
லாரிகள் வரிசையாய் இறங்கி வர
வாய் நிறையப் புழுதியோடு
ஓரமாய் நின்று திட்டினேன்,
நீலத்தை.

இஸ்தான்புல்லில் ஒன்றரைக் கோடிப் பேர்.
எல்லாருக்கும் சாலை இருக்கிறது.
என் டயரின் அகலம் இருபத்தைந்து மில்லிமீட்டர்,
கட்டைவிரலுக்குச் சற்றுக் கூட.
அந்த அகலத்துக்கு நல்ல தார்
எழுபது கிலோமீட்டர் நீளத்துக்கு வேண்டும்.
பேராசைதான்.

ஐரோப்பியக் கரையில் ஓராண்டு தேடினேன்.
நீரோரச் சாலையில்
தூண்டில்காரர்கள் பின்னால் வீசி எடுக்கையில்
கொக்கி காதை உரசிப் போனது.
காட்டு வழியில் ஞாயிற்றுக்கிழமைப் புகை,
இறைச்சி சுடும் குடும்பங்கள்,
நடுரோட்டில் கார்க் கதவைத் திறந்துவைத்துத்
தர்பூசணி இறக்கும் பெரிய மனிதர்கள்.

செயினுக்கு எண்ணெய் விட்டபடி
துர்ஹான் ஒரே வார்த்தை சொன்னான்: அக்கரை.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்.
இங்கே அக்கரை என்பது ஆசியா,
பெய்கோஸ் தாண்டினால்
உண்மையிலேயே பச்சை.

முதல் படகு. பாக்கெட்டில் அரை சிமித் ரொட்டி,
ஒரு டியூப், சில்லறை.
பல் செட் வார்க்கும் பட்டறையில்
ஆறு நாள் குனிந்த முதுகு
ஏழாம் நாள் ஹேண்டில்மேல் குனியும்.

கற்றுக்கொண்டவை கொஞ்சம்தான்.
போகும்போது கருங்கடல் வாடை முகத்தில் அறையட்டும்,
வரும்போது முதுகைத் தள்ளும்.
மாற்றிச் செய்தவர்கள் பஸ் ஏறித்தான் வீடு வருவார்கள்.
கிடங்கு வளைவில் மூன்று நாய்கள்:
இறங்கி நடந்தால்
நம்மையும் மனிதர் என்று ஒப்புக்கொள்ளும்.
"மேலே ஏற்றம் உண்டா?"
"ஒன்றுமே இல்லை" என்றார் டிராக்டர்காரர்.
டிராக்டருக்கு ஏது ஏற்றம்.

கடைசியில் கிடைத்தது தேடியதால் அல்ல.
கல்யாண ஊர்வலம் ஒன்று
ஹார்ன் அடித்துக்கொண்டு பாதையை அடைக்க
பொறுமையில்லாமல் வலப்பக்கம் ஒடித்தேன்.
கஷ்கொட்டை மரங்களுக்கு நடுவே
யாரோ தேர்தலுக்கு முந்திய மாதம் போட்ட தார்.
பதினொரு கிலோமீட்டர்.
நான்கு கார்கள்.
ஓர் ஆமை.

யாரிடமும் சொல்லவில்லை, துர்ஹானிடம்கூட.
பதிவுக் கருவியை அந்தத் திருப்பத்தில் அணைத்துவிடுவேன்.
என் கணக்கில் அந்த மலை
ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் காணாமல் போனது.

பிறகு பனி பெய்தது.
தேர்தல் தார் தேர்தல் தார்தான்,
ஏப்ரலில் பார்த்தபோது சொத்தைப் பற்கள் போலக் குழிகள்.
அதோடு, ஈரத்தில் அழுத்தமாய்
ஒரு மெல்லிய சக்கரத் தடம்.
என்னுடையது அல்ல.

வயிறு எரிந்தது, மறைப்பானேன்.
பரம்பரைச் சொத்தில் பங்கு கேட்டவனைப் போல
அந்தத் தடத்தை முறைத்துக்கொண்டே மிதித்தேன்.
அடுத்த வளைவில்
குழியைச் சுற்றி வெள்ளை வட்டம்.
அதற்கடுத்ததிலும்.
இறக்கத்தில், பிரேக் பிடிக்க வேண்டிய தூரத்துக்கு முன்பே
ஒரு கோடு.
இந்த ஆளுக்கு இறக்கத்தில் பயம்.
எனக்கும்தான்.

மரநிழலில் கிடந்த ஒரு குழியை மட்டும்
அவனோ அவளோ பார்க்கவில்லை.
நான் பார்த்தேன், விளிம்பு ரிம்மில் இடித்த பிறகு.

மறுவாரம் பட்டறையில் அச்சு வார்க்கும் வெள்ளை மாவை
டப்பியில் அள்ளிப் போனேன்.
குடிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் குழைத்து
விரலாலேயே வட்டம் போட்டேன்.
கோணல்தான்.
ஐந்து நிமிடத்தில் இறுகிவிட்டது.

நேற்று போனபோது
என் கோணல் வட்டத்துக்குப் பக்கத்தில்
ஒரு சின்ன அம்புக்குறி,
இடப்பக்கமாக,
செடி மூடிய ஒரு திறப்பை நோக்கி.
எத்தனை ஞாயிறு அதைக் கடந்திருக்கிறேன்.
அடியில் ஓர் எண்: 14.

கிலோமீட்டரா, ஏற்றத்தின் சதவீதமா?
கேட்க ஆளில்லை.
மணி பத்தே கால்.
பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது.