வெட்டிய இடம்

தவநேசன் செத்து நாற்பத்தொரு நாள் கழித்து
அவன் சொல்லாமல் வைத்திருந்த ஜோக்குகள் பாகாவ் வந்து சேர்ந்தன,
மகள் கயல்விழியின் கைப்பையில், ஒரு பென்டிரைவாக.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒட்டுக்கடையில்
கல்யாண ஸ்பீக்கர் ஒன்றை நாற்காலி மேல் ஏற்றினோம்.
குலை லாரிக்காரர்கள், பாசார் முடித்து வந்த பெண்கள்,
முன்னால் கோயில் தலைவர்,
மாலை போடப் போகிறார்கள் என்ற முகத்தோடு.

பதினேழு நிமிடம்.
டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி போனில் பேசியது.
அடியில் இயந்திரம் ஓடுகிறது,
மழை நாளில் தூரத்து ஜெனரேட்டர் மாதிரி.

"நூறு வருசமா தோட்டத்துக்குக் காவலு. முனியாண்டி.
கம்பெனி நெலத்த வித்துட்டு வேற எடம் போகச் சொல்றான்.
போவாரு. ஆனா அவருக்கு
இன்னும் செவப்பு ஐசிதான்."

தலைவர் சிரித்தார். சிரித்துவிட்டு
யார் பார்த்தார்கள் என்று பார்த்தார்.

"வாரம் மூணு தடவ
என் ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடுறாங்க.
நாலு வருசமாச்சு. சாதி மட்டும் போகல.
கேக்குறான் பாரு, தெரியாத மாதிரி.
மிஸ்ஸி, சோப்ப மாத்திப் பாருங்களேன்."

கடை ஒரு கணம் மூச்சை விடவில்லை.
தே இழுத்துக்கொண்டிருந்த பையன்தான் முதலில் வெடித்தான்,
பாதி தே தரையில்.

எனக்கு இவை புதிதல்ல.
இவற்றைப் பரணில் போட்டவனே நான்.

பன்னிரண்டு வருடம் அவன் பக்கத்து மைக் என்னுடையது.
அவன் சொல்வான்; நான் கேட்பேன்.
யாரு, ஏன், எவன் சொன்னது.
கேட்கிறவனுக்கு நூற்றுக்கு நாற்பது வெள்ளி.
டத்தோ வீட்டுப் பிறந்தநாள், திருவிழா, யூனியன் விருந்து.
"இது வேணாம் நேசா, அடுத்த வருசம் கூப்பிட மாட்டான்."
அவன் நோட்டில் வட்டம் போட்டு
என் கையெழுத்தில் 'பிறகு' என்று எழுதுவேன்.
பிறகு வந்தது.
எனக்குக் காப்புறுதி வேலையாக,
அவனுக்குச் சிறுநீரகமாக.

நாற்காலிகளை அடுக்கும்போது கயல்விழியிடம் சொன்னேன்,
உங்கப்பா இவ்வளவு வேகமாப் பேச மாட்டானே.

"நடுவுல நடுவுல சும்மா இருந்தாரு மாமா.
ரெண்டு செகண்டு, நாலு செகண்டு. வெறும் மிஷின் சத்தம்.
வெட்டிட்டேன். நல்லா டைட்டா இருக்குல்ல?"

இருக்கு என்றேன்.
வெட்டாததை அனுப்பு என்றேன்.

இப்போது செம்பனை வரிசைக்குள் காரை நிறுத்தி
கண்ணாடியை ஏற்றிவிட்டு:

"நூறு வருசமா தோட்டத்துக்குக் காவலு."
இரண்டு விநாடி.
யாரு?
"முனியாண்டி."

விட்டு ஒன்பது வருடம்.
பெரட்டுக்குப் பழகிய ஆள் மாதிரி
என் வாய் தானாகவே அங்கே போய் நிற்கிறது.

"சாதி மட்டும் போகல."

நான்கு விநாடி.
இங்கே எனக்கு இரண்டே சொல். 'எந்தச் சாதி?'
சிரம்பான் மண்டபத்தில் இதைக் கேட்க மாட்டேன் என்றுதான்
மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன்.
இயந்திரம் ஓடுகிறது.
நான் கேட்கவில்லை.

"கேக்குறான் பாரு, தெரியாத மாதிரி."

கடையில் எல்லாரும் டாக்டரைச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

பின்னுக்குத் தள்ளினேன். மறுபடி நான்கு விநாடி.
மறுபடி.
ஐந்தாவது தடவை வாயைத் திறந்தபோது
வளைவில் குலை லாரி ஒன்று திரும்பியது,
விளக்கு முழுசாய் என் முகத்தில்.

பாடுகிறேன் என்று நினைத்திருப்பான்.
கையை ஆட்டிவிட்டுப் போனான்.