ஒட்டிய இடம்

மழை நின்று இலை கொட்டத் தொடங்கியதும்
சூங்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவேன்.
நீண்ட பிடி, நுனியில் உளி போல ஒரு நாக்கு.
ஹஷாப் என்கிற எங்கள் வேலமரத்தின் பட்டையில் செருகி
ஓர் இழுப்பு.
நாடா போல உரிந்து தொங்கும்.
ஆழம் போனால் மரம் சாகும்,
மேலோடு போனால் பிசின் வராது.
நடுவில் எங்கோ இருக்கிறது
என் எட்டு மாதச் சாப்பாடு.

மரம் அழுகிறது என்று எழுதினான்
கார்த்தூமிலிருந்து வந்த பத்திரிகைக்காரன்.
கல்தூமா சொன்னதாக வேறு போட்டிருந்தான்.
நான் அப்படிச் சொல்லவில்லை.
அழுகிறவளிடம் யாராவது
ஐந்து வாரம் கழித்து வருகிறேன் என்பார்களா?
நல்ல மழை கண்ட மரம் கஞ்சன்.
தாகத்தில் கிடப்பதுதான் உருட்டி உருட்டித் தரும்,
கோலிக்குண்டு அளவில், பேரீச்சங்கொட்டை அளவில்,
ஒருமுறை
என் கடைக்குட்டியின் முஷ்டி அளவில்.

வயிறு கலங்கினால் ஒரு கட்டியை ஊறவைத்துக் குடி.
பசித்தால் வாயில் அடக்கிக்கொள்.
ஓதிக்கொடுக்கிறவர் அடுப்புக்கரியோடு குழைத்து மை செய்கிறார்;
பிள்ளைகள் பலகையில் எழுதி, கழுவி, மறுபடி எழுதுகிறார்கள்.
மிச்சமெல்லாம் மூட்டை.

மூட்டை போகிற இடம் தரகர் பக்கீத்துக்குத்தான் தெரியும்.
மாத்திரைக்கு மேல்சட்டையாம்.
தபால்தலைக்கு முதுகாம்.
படம் வரைகிறவர்களின் வண்ணக்கட்டியாம்.
சீசாவில் அடைத்த கறுப்புப் பானத்தில்
எண்ணெயும் தண்ணீரும் சண்டையிடாமல்
நடுவில் நிற்பதும் இதுதானாம்.
உலகமே உன் மரத்தை நக்குகிறது கல்தூமா, என்பார்.
விலை சொல்லும்போது மட்டும்
இருமல் வந்துவிடும் அவருக்கு.

இந்த வருஷம் அல்-உபைய்யித் சந்தைக்கு நேர்வழி இல்லை.
மூன்று இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு.
முதல் கயிற்றில் ஒரு மூட்டை இறங்கியது.
இரண்டாவதில் ஒரு மூட்டையும் டிரைவரின் செருப்பும்.
மூன்றாவதில் நின்றவனுக்கு
மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. துப்பாக்கி இருந்தது.
காசு, என்றான்.

என்னிடம் இருந்தது ஒரே நோட்டு.
கழுதை வாய்க்குப் போய் இரண்டாக வந்தது.
முந்தின இரவு லாரிக்கு அடியில் படுத்தபடி
ஒரு கட்டியை எச்சிலில் கரைத்து
நான் ஒட்டியது.

வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.
ஒட்டுப்போட்டதா?
ஆமாம் என்றேன்.
பொய் சொல்லத் தெம்பில்லை.
இரண்டு ஓரமும் பிடித்து இழுத்தான்.
பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

கிழிந்தது.
ஒட்டிய இடத்தில் இல்லை.
ஒரு விரற்கடை தள்ளி,
அரசாங்க முத்திரைக்குக் குறுக்கே.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.
பையன் கையில் இருந்ததையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
கொடு இங்கே, என்றேன்,
அதையும் ஒட்டித் தருகிறேன்.

முடிச்சை அவிழ்த்து ஒரு கட்டி எடுத்து
வாயில் போட்டுக்கொண்டேன்.
கரைய நேரமாகும், நில்.

நின்றான்.