மார்புப் படம்

ஊசிக்குப் பயந்தது ஹரிதா இல்லை.
அவள் ரெண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டு
வெளியே வந்ததும் ரோஸ்மில்க் கேட்டாள்.
எனக்குத்தான் ஏசி அறையில் வியர்த்தது.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரணஜன்னி, கக்குவான்.
அந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்க
இத்தனை பேரிடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.
புஷ்பலீலா நர்ஸ்.
மளிகைச் சீட்டு மாதிரி
ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறாள்.

"சின்னம்மை வந்துகீதா உனக்கு?"
"வந்துச்சு. பத்தாவது பரீட்சை அப்போ.
வாசல்ல வேப்பிலை சொருவி
மூணு தண்ணி ஊத்துனாங்க."
"டாக்டர் சீட்டு?"
அம்மா என்று வந்திறங்கியவளிடம்
சீட்டு எழுதித் தா என்று யார் கேட்பது?
அதற்கும் ரத்தம் எடு என்கிறாள்.

ஹரிதாவின் தடுப்பூசி அட்டை
வெள்ளம் வந்த வருஷம் டிரங்குப் பெட்டியோடு நனைந்தது.
மை கரைந்து எல்லாத் தேதியும்
ஒரே நீலத் தேதி.
போட்டதையெல்லாம் மறுபடி போட வேண்டும்.

என் பயம் ஊசி இல்லை.
பட்டியலில் கடைசியாக நிற்கிறது
மார்புப் படம்.

பத்தொன்பது வயதில்
துறைமுகத்தில் நிலக்கரி லாரிக்கு
கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது
கைக்குட்டையில் ஒரு சிவப்பு.
ஆறு மாசம் மாத்திரை.
ஆரஞ்சு நிறத்தில் போகும் மூத்திரத்தை
யாரும் பார்ப்பதற்குள் வாளித் தண்ணீர் ஊற்றி
அடித்துவிடுவேன்.
பெண் பார்க்கப் போனபோது
குடி இல்லை, பீடி இல்லை, வட்டிக்கடன் இல்லை என்று
மாமா அடுக்கிய இல்லைகளுக்கு நடுவே
இது ஒன்று வாயில்லாமல் உட்கார்ந்திருந்தது.

பதினோரு வருஷமாக
என் நெஞ்சில் காது வைத்துத்தான் தூங்குகிறாள்.
காதுக்குக் கேட்காததெல்லாம்
படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்றான்
எக்ஸ்ரே எடுக்கும் வேதமூர்த்தி.
"தழும்பு எங்கியும் போவாதுண்ணே.
அப்டியே கீது."

படிவம் நிரப்பிய ராத்திரி
அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.
கையில் வாடை. அதனால் பேனா என்னிடம்.
தலையை எட்டிப் பார்த்துக் கேள்வி படிப்பாள்,
நான் கட்டத்தில் குறிப்பேன்.
வலிப்பு? இல்லை.
மனநோய்? இல்லை, சிரித்தாள்.
காசம்?

கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டி
பெட்டி பெட்டியாக மோதி நின்றது.
கடைசிப் பெட்டியும் மோதி முடியட்டும் என்றிருந்துவிட்டு
ஆம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

அவள் இறாலின் முதுகிலிருந்து
கறுப்பு நரம்பை உருவினாள்.
ஒன்று.
இன்னொன்று.
"எத்தினி மாசம் மாத்திரை?"
"ஆறு."
"முழுசா?"
"முழுசா."
"அட்டை கீதா?"
அதற்குப் பிறகு அன்று பேச்சில்லை.
குழம்பில் உப்பு
சரியாகத்தான் இருந்தது.

புளியந்தோப்பு மருந்தகத்தில்
பழைய பேரேடுகள் மாடிப்படிக்குக் கீழே.
அரை நாள் லீவு, தும்மல், எலிப்புழுக்கை.
தேசிங்கு, ஆண், 19.
நான் விழுங்கிய நாளெல்லாம் டிக்காக நின்றது.
ஓரத்தில் யாரோ பச்சை மையில்: குணம்.
அந்த ஒற்றைச் சொல்லைப் படமெடுத்து
அவளுக்கு அனுப்பினேன்.
ரெண்டு நீலக் கோடு.
பதில் வரவில்லை.

மூச்ச இழுங்க. புடிங்க. வுடலாம்.
சட்டை பொத்தான் போடுவதற்குள்
டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.
வலது மேல்பக்கம், சுண்டைக்காய் அளவு.
பழசுதான். ஆனாலும் மூன்று நாள் காலை
வெறும் வயிற்றில் சளி கொடுக்க வேண்டும்.
அது வளருதா பார்க்க எட்டு வாரம்.
அவள் வேலையில் சேரும் தேதி
ஏழாவது வாரத்தில் இருந்தது.

முதல் ரெண்டு நாள் தனியாகப் போனேன்.
மூன்றாம் நாள் இருட்டில்
வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது
ஹெல்மெட்டோடு வந்து பின்னால் ஏறினாள்.
எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிச் சிவப்பு
விட்டு விட்டு எரிந்தது.
நேற்று ரெண்டாவது ஊசி போட்ட தோளையே
பிடித்திருந்தாள்.
மூலகொத்தளம் வரை பல்லைக் கடித்திருந்தேன்.

பிறகு சொன்னேன்,
"அந்தக் கை வலிக்குது."

கையை மாற்றிக்கொண்டாள்.