அசையாத மீட்டர்

இந்த ஊரின் தாகத்தைக்
குனிந்து குனிந்து எண்ணுவது என் வேலை.
கொக்கியால் இரும்பு மூடியை நெம்பி,
சிலந்தியைத் தட்டிவிட்டு,
எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீடு.
டெல் ரியோவின் ஆகஸ்டில்
எந்தப் புல்வெளி எவ்வளவு குடிக்கிறது என்று
பாதிரியாரைவிட எனக்குத் தெரியும்.

லோசோயா தெரு, நானூற்றுப் பதினேழில் மட்டும்
ஜூனில் விட்ட எண்
ஜூலையில் சோம்பல் முறித்திருந்தது,
அவ்வளவே.
"மீட்டர் செத்திருக்கும், இல்லையென்றால் ஆள்.
போய்த் தட்டிப் பார்" என்றார் மேலதிகாரி.

தட்டினேன்.
"உயிரோடுதான் இருக்கிறேன்" என்று வந்தாள்
ஒதீலியா பர்ரேரா,
பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் சீருடையில்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.

புல் இல்லை வாசலில்.
உடைந்த சுண்ணாம்புக்கல் மேடு,
அதன்மேல் நான்கு புதர்கள்.
அடுப்புச் சாம்பலை யாரோ ஊதிவிட்டாற்போல் இலைகள்.
பட்டுப்போனவையா என்று கேட்டுவிட்டேன்.

"செனீசோ. நிறமே அதுதான்.
முதலில் மூன்று நட்டேன்.
மாலைதோறும் குழாய், உரம், கொஞ்சல்.
மூன்றும் மூழ்கிச் செத்தன, இந்தப் பாலைவெயிலில்!
பிடுங்கினால் வேர்
காப்பியில் ஊறிய ரொட்டியாய்க் கையோடு வந்தது.
அப்புறம் மேடு கட்டினேன்.
முதல் கோடைக்கு வாரம் ஒரு வாளி.
அதன்பின் முதுகைக் காட்டிவிட்டேன்."

எதிர்வீட்டு ஹாலன்பெக்கிடமும் இதே செடி,
மாதம் தவறாமல் கத்தரித்த பச்சைப் பந்துகளாக.
பூத்ததே இல்லையாம்.
"அவன் வெட்டுவது கிளையை அல்ல,
அடுத்த மாதத்தை" என்றாள்.

மழையை முன்கூட்டிச் சொல்லும் செடியாமே?
"சொல்லும். பாதி நேரம் பொய்."

என் படிவத்தில் கட்டங்கள் உண்டு:
பழுது. கசிவு. நாய். ஆளில்லா வீடு.
இதற்கு ஒன்றும் இல்லை.
வெற்றாக விட்டேன்.

செப்டம்பரில் ஓர் இரவு
ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று.
காலையில் தெருமுனை திரும்பியதும்
பிரேக்கை மிதித்துவிட்டேன்.
இலையே தெரியவில்லை.
நான்கும் ஊதா.
கிளை நுனிவரை ஊதா,
கல்மேல் உதிர்ந்து கிடந்ததும் ஊதா,
தேனீக்களின் இரைச்சலில்
வண்டி எஞ்சினை நிறுத்தியது தெரியவில்லை.
அவள் இல்லை. ஏழு மணிக்கு
யார் வீட்டுப் பிள்ளைகளையோ ஏற்றப் போயிருப்பாள்.
மூடியைத் திறந்தேன்.
கடைசி இலக்கம் ஒன்றோ இரண்டோ.

என் வீட்டு மீட்டரை நான் படிப்பதில்லை.
அது வேறொருவன் வட்டாரம்.
அன்று மாலை
நெல்டாவின் ரோஜாக்களுக்குள் குழாய் ஓட ஓட,
மண்டியிட்டுக் கொக்கியை மாட்டினேன்.
முள் சுற்றிக்கொண்டிருந்தது.
"என்ன தொலைத்தாய்?" என்றாள் சன்னலிலிருந்து.
சொல்லத் தெரியவில்லை.

மழை அன்றும் வரவில்லை.
மறுநாளும்.