மூன்று மணி அலாரம்

ஆரோனுக்குக் காலையில் கல்யாணம்.
வள்ளியூர் லாட்ஜில் மூன்றாவது மாடி,
ஒரே அறையில் ஒன்பது பேர்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்த ஆனிக் காற்று
காலிக் கப்புகளைக்
கட்டிலடியில் உருட்டி விளையாடுகிறது.

என் முன்னால் ஒரு பீர்.
இது ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிட்டேன்.
சுடலைக்கண்ணு சிரித்தான்:
"சுகர்காரனுக்கு எதுக்குல இந்தச் சோலி?"

பதினாலு வயதில் வந்தது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.
அன்றிலிருந்து
என்னிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம்
பக்கத்தில் நிற்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.
அவனுக்கு அல்வா வேண்டாம்.
அவனுக்கு மாம்பழம் வேண்டாம்.
இப்போது வயது இருபத்துநாலு.

வேண்டாம் என்றவர்கள் யாரும்
குடித்தால் என்ன நடக்கும் என்று சொன்னதில்லை.
அதைக் குற்றாலத்தில் தெரிந்துகொண்டேன், போன சாரலில்.
வெறும் வயிறு, நாலு ரவுண்டு,
ஐந்தருவியில் ஒரு மணி நேர ஆட்டம்,
வழக்கமான ஊசி, தூக்கம்.
விடியுமுன் என் நாக்கு குழறியது.
"மட்டையாயிட்டாம்ல, விடு" என்றார்கள்.
வேன் ஓட்ட வேண்டியதால் குடிக்காதிருந்த இசக்கிராஜா மட்டும்
அந்தக் குளிரில் என் பனியன் ஏன் நனைந்திருக்கிறது என்று
டார்ச் அடித்துப் பார்த்தான்.
விழுங்க முடிகிற அளவுக்கு நினைவிருந்தது எனக்கு.
டீக்கடை இன்னும் திறக்காத நேரம்.
பால்கேன் இறக்கிக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சி
ஒரு டம்ளர் சீனித் தண்ணி வாங்கி வந்தான்.

பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன்.
பாபநாசம் அணை மாதிரியாம் கல்லீரல்.
ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாய்ச்
சீனியைத் திறந்துவிடும்.
சரக்கு உள்ளே போனால்
மடைக்காரன் அதை விரட்டப் போய்விடுவான்.
ஷட்டர் இறங்கிக் கிடக்கும்.
நான் போட்ட இன்சுலின் மட்டும்
கடைமடை வரை நின்று
தண்ணி எங்கே, தண்ணி எங்கே என்று கத்தும்.
குடித்த நேரத்தில் இல்லை;
எல்லாரும் தூங்கிய பிறகு.

அதனால்தான் இன்று
பாட்டில் திறக்குமுன் நாலு புரோட்டா.
அதனால்தான் தலையணைக்கடியில் குளுக்கோஸ் பாக்கெட்,
போனில் மூன்று மணி அலாரம்.
அதனால்தான் சிரித்தவனையே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.
"நான் உளறினா, வேர்த்தா, சும்மா சண்டைக்கு வந்தா
போதைன்னு நினைக்காத.
விரல்ல குத்திப் பாரு.
எழுப்பியும் எந்திரிக்கலேன்னா வாயில எதையும் ஊத்தாத,
நூத்தியெட்டுக்கு அடி."

பனகுடியில் அவனுக்குக் கறிக்கடை.
தினமும் பத்து ஆடு உரிக்கிறவன்
என் விரலைத் தொடப் பயந்தான்.
"எங்கையில மொதல்ல பழகிக்கிடுதேன்."
குத்தினான். சொட்டு. ஐந்து நொடி.
287.
ஒன்பது பேரும் சிரித்தோம்.
"லட்டு தின்ன கைல, கழுவிட்டு வா."
சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவி,
வேட்டியில் துடைத்து வந்தான்.
291.

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.
மெஷின் பழசு என்றான் ஒருவன்.
ஆரோன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான்.
சுடலை தன் கப்பைக்
காற்றுக்கு எட்டாத மூலையில்
பத்திரமாய் வைத்தான்,
யாரோ வந்து கேட்கப்போகிற பொருள் போல.

அலாரம் அடித்தபோது அவன் உட்கார்ந்திருந்தான்.
எனக்கு 84.
தூங்குமுன் பார்த்ததில் பாதி, இன்னும் இறங்கும்.
மேரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.
"எலே, ஊசி வலிக்குமா?"
"கொசு மாதிரி. சில நாள் கட்டெறும்பு.
ஒனக்கு ஊசியா மாத்திரையான்னு
திங்கக்கெழமை பாத்துட்டுச் சொல்லுவாங்க."

வெளியே, தூரத்துக் காற்றாலைகளில்
சிவப்பு விளக்குகள் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தன.
எனக்கு இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு
பாக்கெட்டை மூடப் போனேன்,
அவனுக்கு வேண்டாம் என்று.

கை பாதியில் நின்றது.
"வேணுமால?" என்று கேட்டேன்.