அரை டம்ளர் வினிகர்

லூப்ளின் நகரம். ஜனவரி, எண்பத்திரண்டு.
கடையில் பன்னிரண்டு தட்டுகள்.
பன்னிரண்டிலும் வினிகர்.

காலியாகத் தெரியக் கூடாது என்றார் மேலாளர்.
புட்டிக்குப் புட்டி ஒரு கை அகலம் விட்டு
அடுக்கி வைத்தேன்,
பல் போன வாய் சிரிப்பதைப் போல.

"என்ன இருக்கிறது, யத்விகா?"
"வினிகர்."
"வேறு?"
"நேற்றைய வினிகர்."
இதைச் சொல்லாத நாளில்
வரிசை என்னை நம்பாது.

மாலையில், புட்டிகளின் மேல் படிந்த தூசை
வினிகர் தொட்டே துடைப்பேன்.
நாலு புட்டி என்னோடு வீட்டுக்கு வரும்.
யாரும் கேட்காததை யாரும் எண்ணுவதில்லை.

விட்டெக்குக்குக் காய்ச்சல் என்றால்
தண்ணீரில் கலந்து, துணி நனைத்து
கெண்டைக்காலில் சுற்றுவேன்.
"அம்மா, நான் என்ன ஊறுகாயா?" என்பான்.
கம்பளிச் சட்டையைக் கடைசியாய் அலசும் நீரில் ஒரு மூடி.
அடைத்த சாக்கடைக் குழாயில் முதலில் சோடா உப்பு,
பிறகு வினிகர். சீறிப் பொங்கும்.
எங்கள் அடுக்ககத்தில் அந்த மாதம்
வாய்விட்டுப் பேசியது
அது ஒன்றுதான்.

ஜன்னலுக்கு வினிகரும் செய்தித்தாளும்.
முதல் பக்கத்தைத்தான் கசக்கி எடுப்பேன்.
தெருமுனையில் நிற்கும் கவச வண்டியை
உள்ளது உள்ளபடி காட்ட
அந்தப் பக்கம் பயன்பட்டது
அப்போது மட்டும்தான்.

இரவு வேலையைப் பற்றிக் குறைத்தே சொல்கிறேன்,
பழக்கதோஷம்.
ஒரு மரச்சட்டம். அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி.
சலவைப் பசையில் குழைத்த கறுப்பு மை.
கட்டிலெங்கும் காயும் தாள்கள்.

விரல்களை வினிகரில் ஊறவைத்தால்
மை பாதி போகும்,
மீதி நகக்கண்ணில் குடியிருக்கும்.
வாசனை மட்டும் முழுதாய்ப் போகும்.
போகாது, இன்னொரு வாசனைக்குள்
ஒளிந்துகொள்ளும்.

கதவைத் தட்டியபோது பதினொன்றே கால்.
தாள்கள் அப்போதுதான்
ப்ரோனிஸ்வாவாவின் தள்ளுவண்டியில்
அவள் குழந்தைக்கு அடியில் படுத்து
மூன்றாம் மாடிக்கு இறங்கியிருந்தன.

நான் ஜன்னலைத் திறந்துபோட்டுத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.
வெளியே மைனஸ் பதினாறு.

சார்ஜென்ட் குபியாக் மூக்கைச் சுளித்தார்.
"இந்தக் குளிரில்? இந்த நேரத்தில்?"
"கடையில் இதுதான் இருக்கிறது.
தீர்க்க வேண்டாமா?"

கூட வந்த இளையவன் மெத்தையைப் புரட்டினான்,
மாவு டப்பாவுக்குள் கைவிட்டான்,
மாவு இல்லாத கையை வெளியே எடுத்தான்.
குபியாக் என் கைகளைப் பார்த்தார்.
கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.
பிறகு அடுப்பை. அடுப்பின் மேல் கெட்டிலை.
மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்கள் வீட்டுக் கெட்டிலில் சுண்ணாம்பு இவ்வளவு கனம்,"
விரலிடுக்கில் அளவு காட்டினார்.
"மனைவி உளி வைத்துத் தட்டுகிறாள்."

அரை டம்ளர் வினிகர், ஒரு டம்ளர் தண்ணீர், என்றேன்.
கொதித்ததும் இறக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள்.
காலையில் கொட்டிவிட்டு
வெறும் தண்ணீர் இரண்டு முறை.

தேடுதல் குறிப்பேட்டைத் திறந்தார்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதினார்.
"இரண்டு முறையா?"
"மூன்று என்றால் இன்னும் நல்லது."

அவர்கள் போய் வெகுநேரமாகியும்
ஜன்னலை மூட முடியவில்லை.
துணி, சட்டத்தோடு உறைந்து ஒட்டியிருந்தது.

நகங்களைக் கவனித்தாரா, தெரியாது.
அடுத்த வாரம் அவர் மனைவி கடைக்கு வந்தாள்.
வரிசையில் நின்றாள். முறை வந்தது.
"ஒரு புட்டி வினிகர்" என்றாள்.

மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.
அந்தக் குளிர்காலத்தில்
இருந்த பொருளையே கேட்டு வந்தவள்
அவள் ஒருத்திதான்.